வாசிக்காமல் விட்ட கடிதம்

மகன் தம்பிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ இருப்பது பக்கத்துச் சென்ட் லோரன்டில், இங்கிருந்து ஒரே பஸ். பதினேழு வருடம் நான் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்கப் போய்வந்த பாதைதான் அது. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் "ஜான்-டலோன் சந்தைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எங்கே போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். சந்தைக்குப் போகிறவள் சமைத்த இறால் கறியைப் பையில் வைத்துக்கொண்டு போவதில்லை. அவள் மூலமாக உன் சுகம் எனக்கும் என் சுகம் உனக்கும் வாராவாரம் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. கொண்டுவருகிறவளும் வாசிக்கட்டும், அதற்குப் பிறகு யார் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நகரசபைத் தேர்தலில் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்துக்கு நீ நிற்கிறாய் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதப் போவதில் அது காணாமல் போய்விடக்கூடும். போன கிழமை உன் அம்மா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். "இஞ்சருங்கோ, தம்பி கேக்கிறான். வாற சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்களும் மேடையில இருந்தால் நல்லாயிருக்குமாம்." எந்த மண்டபம் என்று கேட்டேன். "எங்கட பள்ளிக்கூடம் நடக்கிற சேர்ச் மண்டபந்தான்" என்றாள். "அவனுக்கு வேற மண்டபம் கிடைக்கேல்லையோ?" என்றேன். அவள் தேத்தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நிலக்கீழ் மண்டபத்தில் நாலு வருடத்துக்கு முன் நடந்ததைப் பற்றி நீயும் நானும் இன்றுவரை ஒரு சொல் கதைக்கவில்லை. பொங்கலுக்கு வந்தாய், உன் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு வந்தாய், இருவரும் பனியைப் பற்றியும் ஹொக்கியைப் பற்றியும் கதைத்தோம். எனக்கு ஹொக்கியில் ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இப்போது நீ மேடைக்குக் கூப்பிடுகிறாய். வருவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டுமென்றால் நான் முழுவதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சுருட்டைத் தலையரிலிருந்து தொடங்குகிறேன். நம் வீட்டில் நாம் வைத்த பெயர் அது. உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இரண்டு தடவை இருந்த ஒருவர் என்பது போதும். யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்று, நாவல்கள் எழுதி, நாலு பக்கமும் கடன்பட்டு, எண்ணெய் மின்னும் சுருளும் பூப்போட்ட மேற்சட்டையுமாகப் பாராளுமன்றத்துக்குப் போனவர். முதல் பேச்சிலேயே சபை சிரித்துக் கூச்சலிட்டு அவரை உட்காரவைத்தது. என்னை நீங்கள் கேட்கும் காலம் வரும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வந்தது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சரித்திரம் படிப்பித்தபோது, நித்திரை தூங்குகிற பின்வரிசைப் பிள்ளைகளும் எழும்பி உட்காருவது இவர் வரும் பாடத்துக்குத்தான்.

உனக்கு ஒன்பது வயதில், நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் நீ நடுவில் மறந்துபோய் நின்றாய். பேச்சை எழுதியவன் நான். நம் ஆட்களின் வழக்கம் அதுதானே: தகப்பன் எழுதுவான், பிள்ளை பாடமாக்கும், பரிசு வந்தால் தகப்பன் மீசையைத் தடவுவான். சபை சிரித்தது. நீ அழாமல் இறங்கி வந்து, பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சவை அப்பா" என்றாய். அன்றுதான் சுருட்டைத் தலையரின் கதையை உனக்குச் சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகு பத்து வருடம் நம் இராச் சாப்பாட்டில் அவருக்கும் ஒரு கோப்பை இருந்தது. நான் ஒன்று சொல்வேன், நீ மடக்க வேண்டும். நல்ல பதிலடி கொடுத்தால் பொரித்த மீனின் நடுத்துண்டு உனக்கு. உன் அம்மாவை வைத்துத்தான் அதிகம் பகிடி விட்டோம். அவளுக்குக் கிடைத்தது வால்துண்டு. அதை அப்போது நான் கவனித்ததாக நினைவில்லை.

அவருடைய மனைவியின் கதையும் உனக்கு நினைவிருக்கும். ஒரு முக்கியமான பேச்சுக்கு அவர் வண்டியில் போகும்போது, கூட வந்தவளின் விரல் கதவில் நசுங்கிவிட்டது. சொன்னால் அவர் மனம் குழம்பிவிடும் என்று, இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாளாம். நான் அதைச் சொல்லும்போதெல்லாம் உன் அம்மா அடுப்படியிலிருந்து, "பைத்தியம், விசர் மனிசி!" என்பாள்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நாங்கள் ஏழு பேர் தொடங்கினோம். முதல் விதி என்னுடையது: வாசலுக்குள் தமிழ் மட்டும். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கதைத்த பிள்ளை வெளியே வாசல் நடையில், கோட் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் அந்த விதியைக் காத்துக் கர்ச்சித்தவன் நான். அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் தலைவராக வந்தேன். பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். தாய்தகப்பனுக்கு அக்கறையில்லை என்று திட்டினேன். பிறகு ஒருநாள் நடையில் ஒரு சின்னப் பிள்ளை நின்றாள், ஏழு வயது இருக்கும். தண்டனையில் நிற்கிறவள், தங்கச்சியைப் பக்கத்தில் இருத்தி, அன்று நான் படிப்பித்த ஆத்திசூடியைப் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி தலையாட்டினாள், பிறகு அதைத் தமிழில் பிழையில்லாமல் சொன்னாள். உள்ளே என் வகுப்பில் ஒருவருக்கும் அது விளங்கியிருக்கவில்லை. இருபது வருடம் பிள்ளைகளை எங்கே நிற்கவைத்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஆசிரியர்கள் தேவைப்பட்டால் பிரெஞ்சில் விளக்கலாம் என்ற தீர்மானத்தை நான்தான் எழுதினேன். நாலு வருடத்துக்கு முந்திய அந்தக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் பிழைவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காலம் மாறுகிறது, கிணற்றுத் தவளையாக இருக்க வேண்டாம் என்று சபைக்கே உபதேசம் செய்தேன். நேற்றுவரை அந்தக் கிணற்றுக்குக் காவல் இருந்தவனே நான்தான். ஆட்கள் கொதித்தது நியாயம். அவர்களுக்கு நான் செய்தது துரோகம் என்று அவர்கள் நினைத்தால் அதை நான் இன்று மறுக்கமாட்டேன்.

அப்போது நீ எழுந்தாய். இருபத்தாறு வயது, நீலச் சட்டை, கையில் தாள் இல்லை. உன் பேச்சு ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம். "இந்த மண்டபத்தில பிரெஞ்சு கதைச்ச பிள்ளையளை வெளியில நிக்க விட்டவர் எங்கட தலைவர். நான் ரெண்டு மாரிக் குளிரும் அந்த நடையில நிண்டனான். இண்டைக்கு அவரே பிரெஞ்சோட வந்து கதவைத் தட்டுறார். நான் சபையிட்டக் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான்: அவரை எத்தினை நிமிஷம் வெளியில நிப்பாட்டுவம்?" கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். நானும் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தேன் தம்பி, அதுதான் வெட்கம். வேறு யாரைப் பற்றியாவது நீ அதைச் சொல்லியிருந்தால் நடுத்துண்டு உனக்குத்தான்.

நான் எழுந்து, சபை வழக்கப்படி உன்னை 'நீர்' போட்டுக் கேட்டேன்: "நான் இவ்வளவு பிழையான ஆள் எண்டால், எனக்குக் கீழ செயலாளரா வர நீர் ஏன் ஆசைப்பட்டனீர்?" நீ என்னை நேரே பார்த்தாய். "தலைவர் அவர்களே, நான் உங்களிட்ட ஒருநாளும் ஒண்டும் கேக்கேல்லை." என் சட்டைப் பைக்குள், அந்த வேலையைக் கேட்டு இரண்டு வருடத்துக்கு முன் நீ எழுதிய கடிதம் இருந்தது. நீ பேசுவாய் என்று முன்னமே சந்தேகப்பட்டு, தேவைப்பட்டால் வாசிப்பதற்கென்றே காலையில் எடுத்துப் பைக்குள் வைத்தேன். கையை வைத்தேன். தாள் விரலில் பட்டது. கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். தீர்மானம் தோற்றது, நான் பதவியை விட்டேன், இரண்டு கிழமையில் நீ தலைவர்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அடுப்படியில் நீங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்ததை நினைத்தபோதுதான், உன் அம்மா ஒரு கிழமையாக உன் பேச்சைக் கேட்டுப் பழக்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பிடிபட்டது. அன்று காலையில் இருவருடைய சட்டையையும் அவள்தான் மடிப்புக் கலையாமல் அழுத்திக் கொடுத்தாள். மண்டபம்வரை என் பக்கத்தில் சிரித்த முகமாக இருந்துகொண்டு வந்தாள். விசர் மனிசி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த நாள் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றபோது, முகம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து, "மாஸ்டர், பெடியன் பிளந்து கட்டிப்போட்டான்! எத்தினை நிமிஷம் நிண்டனீங்கள்?" என்று கேட்டுக் குலுங்கிச் சிரித்தார். நான் வாங்காமலே வந்துவிட்டேன். ஒரு வருடம் சந்தைப் பக்கம் போகவில்லை. நீ என்னைத் தோற்கடித்தது அல்ல, நான் கையில் எடுத்துக் கொடுத்த கத்தியால் என் வயிற்றைப் பார்த்துக் குத்தியதுதான் பொறுக்கவில்லை. இன்றும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்.

இப்போது, சுருட்டைத் தலையரின் கதையில் நான் உனக்கு ஒருநாளும் சொல்லாமல் விட்ட பகுதி. அவர் பிரதமரானதைச் சொன்னேன், ராணி அவருடைய பேச்சில் மயங்கியதைச் சொன்னேன். ஏணியின் முதல் படி எது என்று சொல்லவில்லை. அது அவருடைய சொந்தத் தலைவரின் முதுகு. இறக்குமதித் தானிய வரியைக் காப்போம் என்று சொல்லிப் பதவிக்கு வந்த அந்தத் தலைவர், அயர்லாந்தில் சனங்கள் பட்டினியால் சாவதைக் கண்டு மனம் மாறி வரியை எடுக்கப் பார்த்தார். நம்பியவர்களுக்குத் துரோகி என்று சுருட்டைத் தலையர் அவரை நாள்தோறும் பகிடியால் கீறினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. என்னைப் பற்றி இவ்வளவு தாழ்வாக நினைக்கிறவர் முன்பு என் அரசாங்கத்தில் சேர ஏன் ஆயத்தமாக இருந்தார் என்று தலைவர் கேட்டார். நான் பதவி கேட்டதே இல்லை என்றார் இவர். கேட்டிருந்தார், எழுத்திலேயே கேட்டிருந்தார். அந்தக் கடிதம் தலைவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பார்கள். அவர் வாசிக்கவில்லை. வரியை எடுக்கும் சட்டம் நிறைவேறியது, அவருடைய அரசாங்கம் கவிழ்ந்தது. சில வருடத்துக்குள் சுருட்டைத் தலையரே தானிய வரியைச் சத்தமில்லாமல் கைவிட்டார்.

நீயும் அப்படித்தான். ஒன்றரை வருடத்தில், என் தீர்மானத்தை ஏறத்தாழ என் சொற்களிலேயே கொண்டுவந்து நிறைவேற்றினாய். இன்று வகுப்புகள் நிரம்பியிருக்கின்றன என்று உன் அம்மா சொல்கிறாள். நல்லது. ஆனால் அன்று நீ பேசியதில் உனக்கு நம்பிக்கையே இருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம்பி எதிர்த்திருந்தால் நான் இவ்வளவு கசந்திருக்கமாட்டேன். இனி நீ போகப்போகும் சபையில் உனக்கு இந்த ஆசை அடிக்கடி வரும். மூன்று மொழியிலும் சிரிக்கவைக்க உனக்குத் தெரியும். சிரிப்பு ஆட்களைக் கூட்டித் தரும், சரி. நீ சொல்கிறதை நீயே நம்புகிறாயா என்று ஒவ்வொரு முறையும் உன்னிடமே கேட்டுவிட்டு வாயைத் திற.

இத்தோடு நிறுத்தினால் நான் பெரிய மனிதனாகத் தெரிவேன். கடிதத்தை வாசிக்காமல் மகனைக் காப்பாற்றிய தகப்பன்! நாலு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை அது. ஆனால் உன் பேச்சில் ஒரு வரியை மேலே எழுதாமல் மறைத்துவிட்டேன். "எங்கட தலைவர் எல்லாத்துக்கும் புள்ளி போடுறவர். அவற்ற தீர்மானத்துக்கு நான் போடுறன்: பத்துக்கு ஆறு." சபை அதற்குக் கொஞ்சம்தான் சிரித்தது. ஏன் ஆறு என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அந்தக் கடிதத்தை நீ எழுதியபோது உனக்கு இருபத்துநாலு வயது. பள்ளிக்கூட விஷயம் எதுவானாலும் எழுத்தில் தா என்பது என் சட்டம், வீட்டுக்குள்ளும்தான். நீ ஒன்றரைப் பக்கம் உன் கையால் தமிழில் எழுதி, சப்பாத்துத் தட்டின் மேல் வைத்திருந்தாய். நான் எழுதிக் கொடுக்காமல் நீயாகத் தமிழில் எழுதிய முதல் எழுத்து அது. செயலாளர் வேலையைத் தரும்படி கேட்டிருந்தாய். கடைசி வரி: உங்களோடு சேர்ந்து வேலை செய்ய எனக்கு விருப்பம். அதை நான் மூன்று தடவை வாசித்தேன். மனம் இளகினால் பகிடி விடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. சிவப்புப் பேனையை எடுத்து, பத்துக்கு ஆறு போட்டு, "விருப்பம் தெரிகிறது, பொறுமை தெரியவில்லை" என்று கீழே எழுதினேன். அதோடும் விடவில்லை. நிர்வாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மூன்று பேர் சிரித்தார்கள். நடராசா அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், பெடியன் மனம் வச்சு எழுதியிருக்கிறான். இது பகிடிக்குரிய சாமான் இல்லை" என்றார். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தேன். உனக்குப் பதிலே சொல்லவில்லை. சிரித்த மூவரில் ஒருவர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே பைக்குள் கையை விட்டவன் பெருந்தன்மையால் அதை வெளியே எடுக்காமல் விடவில்லை. விரித்தால் என் சிவப்பு மை முன்வரிசைக்குத் தெரியும். வெட்கத்தால் விட்டேன். ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை என்று நீ சொன்னபோது, முடிந்தால் எடுத்து வாசியுங்கோ பார்ப்பம் என்றுதான் உன் கண் சொல்லியது. அது எனக்கு அன்றே விளங்கியது. ஒப்புக்கொள்ள நாலு வருடம் எடுத்திருக்கிறது. நீ செய்தது துரோகம்தான், அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் முதலில் செய்தவன் நான்.

அந்தக் கடிதம் இத்துடன் இருக்கிறது. பிரதி எடுத்து வைக்கவில்லை. சிவப்பு மையைச் சுரண்டிப் பார்த்தேன், தாள் கிழியப் பார்த்தது, விட்டுவிட்டேன். அதற்குக் கீழே இடம் இருந்தது. அங்கே நீல மையில், ஆறு வருடம் பிந்திப் பதில் எழுதியிருக்கிறேன்: "ஓம், வா. எனக்கும் விருப்பம்."

மேடைக்கு நான் வரமாட்டேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, இரண்டு மணிக்குக் கூட்டம் என்று உன் அம்மா சொன்னாள். இரண்டு மணிக்கு நான் நடையில், கோட் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். எத்தனை நிமிடம் என்று அன்று கேட்டாய். விதிப்படி ஐந்து நிமிடம். நின்றுவிட்டு உள்ளே வந்து முன்வரிசையில் இருப்பேன். அதே ஆட்கள்தான் வந்திருப்பார்கள், உன் தகப்பனைப் பற்றி யாராவது கேட்கத்தான் செய்வார்கள். ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை என்று நீ மறுபடியும் சொன்னால், அது பொய் என்று காட்ட இனி என் பைக்குள் ஒன்றும் இல்லை. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கத்தான் வருகிறேன்.

அப்பா